அய்யாவுக்குக் கொடுத்த திதி

கதை எழுதுகிறவனுக்குக் கற்பனை தானாகப் பொங்கும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு நாளில் ஒரு மனுசன் பேர்கூடப் பொங்கவில்லை. அதற்கு நான் வாங்கிய அவமானம் இருக்கிறதே, இன்றைக்கும் வீட்டில் சோற்றோடு சேர்த்துப் பரிமாறுகிறார்கள்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஊர் உப்பூர்ப் பக்கம். அய்யா வயலில் மிளகாய் போடுகிறவர். நான் எழுத்தாளன் (நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம். அச்சில் வந்தவை மொத்தம் இரண்டு கதைகள்). மூன்றாவதாக, அப்பனைப் பறிகொடுத்த மகன் கடற்கரையில் திதி கொடுப்பதை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். "மகன் அழுகிற இடம் பொய்யாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதி ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார்.

நாலு நாள் வீட்டில் கத்தினேன். அழுகையில் என்னய்யா பொய், மெய்? ஐந்தாம் நாள் பயம் பிடித்துக்கொண்டது. அந்த ஆள் சொல்வதுதான் சரியோ? எனக்கு எழுதவே வராதோ? இந்தக் கதையும் தேறாவிட்டால் பேனாவை மூடிவிட்டு, அம்மா சொல்கிறபடி உரக்கடை வைத்துவிடுவது என்று முடிவுசெய்தேன். அதற்கு முன்னால் ஒரு கடைசி முயற்சி. திதி கொடுக்கிற இடத்தில் நானே போய் உட்கார்ந்துவிடுவது. தள்ளி நின்று பார்த்திருக்கலாம். மூளை உள்ளவன் அதைத்தான் செய்வான்.

ஆடி அமாவாசை வந்தது. அய்யா வருசா வருசம் தாத்தாவுக்குத் திதி கொடுக்கத் திருப்புல்லாணி தாண்டி சேதுக்கரைக்குத்தான் போவார். அந்த வருசம், "முட்டி வலிக்கிதுலே, நான் எங்கயும் போகல" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று நான் இராமேஸ்வரத்துக்கு பஸ் ஏறினேன். வீட்டில் சொன்னது, இராமநாதபுரத்தில் ஒரு வேலை.

அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமில்லை. ஒரு சாமி இருபது பேரை வரிசையாக உட்காரவைத்திருந்தார். நானும் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு போய் உட்கார்ந்தேன். விரலில் தர்ப்பை மோதிரம், முன்னால் எள்ளு, தண்ணீர்.

"அப்பா பேர் என்ன?" என்றார் சாமி.

கதையில் எத்தனை பேருக்குப் பேர் வைத்திருப்பேன்! ஒன்றுகூட வாயில் வரவில்லை. திரும்பி வந்த கதையிலேயே அந்த அப்பனுக்கு ஒரு பேர் இருந்தது. அதுவும் வரவில்லை.

"சீக்கிரம் சொல்லுங்கோ, பின்னால ஜனம் நிக்கறது."

"முத்துக்கருப்பன்" என்றேன். எங்கள் அய்யா பேர்.

"காலமாகி எத்தனை வருஷம்?"

"மூணு."

சாமி கடல் இரைச்சலை மீறி "முத்துக்கருப்பன்... முத்துக்கருப்பன்..." என்று உரக்கச் சொல்ல, நான் எள்ளும் தண்ணீருமாக இறைத்தேன். மூன்றாவது தடவை எனக்கு என்னவோ செய்தது. அய்யா மிளகாய் அள்ளின கையோடு கண்ணைக் கசக்கிவிட்டு, தன்னையே தான் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொள்வார். அந்தத் திட்டு இனி காதில் விழாது என்று நினைத்தேன். பொலபொலவென்று அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, 'ஆகா, முதலில் உதடுதான் கோணுகிறது, இதை எழுதணும்' என்றும் நினைத்தேன் (இப்படி ஒரு ஈனப் பிறவி நான்).

"ஏலே, யாருக்குலே எள்ளுந் தண்ணியும் விடுற?"

திரும்பினேன். அய்யா. ஊரிலிருந்து வந்த வேனில் ஓர் இடம் காலி என்று கடைசி நேரத்தில் இழுத்து வந்திருக்கிறார்கள். பின்னால் ஊர்க்காரர்கள் நாலு பேர் வாயைப் பிளந்து நின்றார்கள்.

"அய்யா... கதைக்கு..."

"நான் எப்பலே செத்தேன்?"

சாமிதான் அப்பாவியாக, "மூணு வருஷம் ஆறதாம். அவரை உங்களுக்குத் தெரியுமோ?" என்றார்.

"நல்லாத் தெரியுஞ் சாமி. அறுபத்தேழு வருசமா நாந்தேன் அவரு."

சாமி எள்ளுத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். "உசுரோட இருக்கிற தோப்பனாருக்கா? எழுந்திருடா!" என்று அவர் போட்ட சத்தத்தில், அழ வந்த இருபது பேரும் சிரித்துவிட்டார்கள். பரிகாரம் செய்யணும் என்றார். அய்யா ஒத்துக்கொள்ளவில்லை. "செத்தவன் நான் சொல்றேன், ஒண்ணும் வேணாம்" என்று என் கையிலிருந்த தர்ப்பையைப் பிடுங்கிக் கடலில் எறிந்தார்.

திரும்பும்போது வேனில் என்னையும் பக்கத்தில் நெருக்கி உட்காரவைத்துக்கொண்டார். பாம்பன் பாலத்தின் நடுவில் மெல்லக் கேட்டார்.

"அழுதியே, அது நெசமா, கதைக்கா?"

பொய் சொல்லத் தைரியமில்லை. "உக்காந்தது கதைக்கு. அழுதது நெசந்தான்யா."

கடலைப் பார்த்தபடி, "அப்பச் சரி" என்றார். அவ்வளவுதான்.

நடந்ததை நடந்தபடி எழுதி, அதே ஆசிரியருக்கு அனுப்பினேன். "அழுகை பிரமாதம். ஆனால் அப்பா உயிரோடு வந்து நிற்பது நம்பும்படி இல்லை, வெட்டிவிடுங்கள்" என்று பதில் வந்தது. வெட்டிவிட்டேன். எழுத்தாளனுக்கு ரோசம் அவ்வளவுதான். ஆக, அச்சில் அய்யா செத்தவர் செத்தவராகவே இருக்கிறார். அந்த இதழை அவர்தான் பத்திரமாக வைத்திருக்கிறார். மிளகாய் எடுக்க வருகிற வியாபாரிகளிடம், "நான் செத்த கதை, நல்லா எழுதிருக்கான், படிங்க" என்று நீட்டுகிறார்.

உரக்கடை வைக்கவில்லை. இன்றும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். நான் பேனாவை எடுத்தால் போதும், அய்யா வாசற்படியில் நின்று, "ஏலே, இந்தத் தடவ யாரு?" என்பார்.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுப்பாள். "யாரா இருந்தாலும் இருக்கட்டும். இந்த வெங்காயத்த உரிச்சுக் குடுத்துட்டுக் கொல்லச் சொல்லுங்க!"