என் நகக்கண்ணில் இருக்கும் பெயிண்ட் குறித்து

மார்க்கக் கேள்விகளுக்கு மாதந்தோறும் பதில் எழுதும் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், மெய்ப்பு பார்ப்பவர் முதல் தபால்தலை ஒட்டுபவர் வரை தங்கள் அலுவலகத்தார் அனைவரும் பூரண சுகத்துடன் இருக்க துஆச் செய்கிறேன். குறிப்பாக, தங்கள் கைகள் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகமில்லை. எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். வலது கையில் பெருவிரலும் அதற்கு அடுத்த விரலும் மட்டும்தான் கட்டுக்கு வெளியே இருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். அந்தக் கட்டுக்கும் தங்கள் பத்திரிகைக்கும் சம்பந்தம் உண்டு என்பதால்தான் இந்தக் கடிதம்.

நான் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். மீசை முளைத்த காலத்திலிருந்து இதுதான் தொழில். தங்கள் பத்திரிகைக்கு நான் சந்தா கட்டியவன் இல்லை. கட்டியவர் என் மனைவியின் அண்ணன். அலுவலகத்தில் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து அவருக்கு மார்க்கச் சந்தேகங்கள் கேட்பதே வேலை. மஸ்அலா, மஸ்அலா என்று நாள் முழுக்க அதையே பேசுவதால் குடும்பத்தில் எல்லோரும் அவரை மசாலா மச்சான் என்பார்கள், அவர் காதுபடச் சொல்ல மாட்டார்கள். பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் என்ன, பூனை நக்கிய பாயில் தொழலாமா, வங்கிக்காரன் இலவசமாகக் கொடுத்த காலண்டரைச் சுவரில் மாட்டலாமா என்று அவர் கேட்காத கேள்வி இல்லை. அதற்கெல்லாம் தாங்களும் சளைக்காமல் பதில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வரிசையில்தான் போன இதழில், ‘பெயர் வெளியிட விரும்பாத வாசகர்’ என்று போட்டு ஒரு கேள்வி வந்தது. நகத்திலும் தோலிலும் பெயிண்ட் ஒட்டியிருக்கும் ஒருவர் தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளு செய்தால் அது கூடுமா? தாங்கள் எழுதிய பதில் என் மனைவிக்குக்கூட இப்போது மனப்பாடம். கூடாது, தண்ணீர் தோலில் படாத ஒளு ஒளுவாகாது, அந்த நிலையில் தொழுத தொழுகைகளைத் திருப்பித் தொழ வேண்டும், அல்லாஹ் நன்கறிந்தவன்.

அல்லாஹ் அறிவான், சரி. தாங்கள் அறிந்தீர்களா?

அந்தப் பெயர் வெளியிட விரும்பாத வாசகர் தங்கள் பதிலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அப்போதுதான் தட்டில் கை வைத்தேன். வந்தவர் ஸலாம் சொன்ன கையோடு என் இடது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கடையில் கத்தரிக்காய் வாங்குகிறவர் புழு இருக்கிறதா என்று பார்ப்பாரே, அந்த மாதிரி.

“இது என்ன மாப்பிள்ளை?”

“நேத்து அடிச்ச இரும்பு கேட்டு. ஆயில் பெயிண்ட். நகக்கண்ணுல கொஞ்சம் நின்னுபோச்சு.”

“இதோடதான் தொழுதீங்களா?”

“கழுவிட்டுத்தான் தொழுதேன். இதைக் கழட்டி வெச்சுட்டா தொழ முடியும்?”

அவர் பத்திரிகையைப் பிரித்து நிறுத்தி நிதானமாக வாசித்தார். வாசித்து முடித்ததும், நான் இத்தனை வருஷம் தொழுதது ஒன்றும் சேர்த்தி இல்லை என்று அறிவித்தார். என் மனைவி, “சாப்பிடற நேரத்துல இது வேணுமா அண்ணே?” என்றாள். “மறுமையில மாட்டிக்கிட்டா அப்ப யாரைக் கேப்பே?” என்று அவளை அடக்கிவிட்டார். நான் அவர் தலையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஆனால் தலையில் கருகருவென்று பூசிக்கொண்டு வருவார். “மச்சான், அப்ப உங்க தலையில பூசறது?” என்று கேட்டேன். “அது சாயம். சாயம் வேற, தண்ணி புகாத படலம் வேற. அதையும் கேட்டு வாங்கி வெச்சிருக்கேன்” என்றார். தனக்கு வேண்டிய பதில் மட்டும் முன்கூட்டியே கைவசம் இருக்கிறது பாருங்கள்.

அதோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்திருப்பேன். வாசல் வரைக்கும் போனவர் ஏதோ ஞாபகம் வந்து திரும்பினார்.

“மாப்பிள்ளை, உங்க அம்மாவுக்கு ஜனாஸா தொழவெச்சது நீங்கதானே? அன்னிக்கும் வேலையிலேருந்து அப்படியேதானே ஓடி வந்தீங்க?”

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு அன்று யாரும் சாப்பிடவில்லை, அவரைத் தவிர. அவர் தம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

ஆசிரியர் அவர்களே, என் அம்மா இறந்த அன்று நான் ஒரு மாடி வீட்டில் சாரத்தின்மேல் நின்று ஜன்னல் கம்பிக்கு அடித்துக்கொண்டிருந்தேன். செய்தி வந்ததும் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். அம்மா முன்பே சொல்லியிருந்தாள், எனக்கு வேற யாரும் ஜனாஸா தொழவைக்கக் கூடாது, நீதான் வைக்கணும் என்று. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போன வரைக்கும் போயிற்று. அதற்குமேல் தேய்க்க நேரமில்லை, எல்லோரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். போய் நின்று தொழவைத்தேன். இப்போது அது செல்லாது என்றால் என் அம்மா தொழுகை இல்லாமல் மண்ணுக்குள் போனாளா? இதைத் தங்கள் பதிலில் எந்த வரியில் தேடுவது?

மறுநாளிலிருந்து நான் கையைச் சுரண்ட ஆரம்பித்தேன். ஒவ்வொரு தொழுகைக்கு முன்னாலும் பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்துத் தேய்ப்பேன், அதிலும் போகாததை உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பேன். உப்புத்தாள் மரக்கதவுக்கு உள்ளது, மனுஷன் தோலுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். நானே கடைக்காரனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வேலை நடந்த கட்டிடத்தில் மதியத் தொழுகையான லுஹர் நேரம் ஆனால் முடியாத ஓர் அறையில் அட்டைப்பெட்டிகளை விரித்துப் போட்டு நான் தொழவைப்பேன், பிளம்பரும் டைல்ஸ் போடுகிறவரும் எலக்ட்ரீஷியனும் பின்னால் நிற்பார்கள். அன்று நான் பின்னால் போய் நின்றேன். “என்னண்ணே, உடம்பு சரியில்லையா?” என்று பிளம்பர் கேட்டார். சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பிளம்பர் உடனே தன் விரலைப் பார்த்தார், பைப் ஒட்டுகிற பசை. டைல்ஸ்காரர் முழங்கை வரைக்கும் பார்த்தார், சிமெண்ட். எலக்ட்ரீஷியன் மட்டும் கொஞ்சம் தெம்பாக இருந்தார், அவர் கை சுத்தம். அப்புறம் அவருக்கும் கட்டைவிரலில் சுற்றியிருந்த டேப் ஞாபகம் வந்துவிட்டது. எல்லோரும் தண்ணீர் டிரம்மைச் சுற்றி நின்று தேய்க்கிறோம், தேய்க்கிறோம், லுஹர் போய் அஸர் வந்துவிடும் போலிருந்தது. மேலே வந்து பார்த்த இஞ்சினியர், “வேலைக்கு வந்தீங்களா, குளிக்க வந்தீங்களா?” என்று கத்தினார். அதற்கப்புறம் அந்த அறையில் ஜமாஅத்தே இல்லை. அவரவர் கையை அவரவர் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் தொழுதோம். ஒருத்தர் ஸலாம் கொடுக்கும்போது இன்னொருத்தர் அவர் நகத்தைப் பார்ப்பார்.

கை என்னவாகும்? தோல் வெடித்தது, வெடித்த இடத்தில் தின்னர் போனது, தின்னர் போன இடத்தில் சீழ் வைத்தது. டாக்டரம்மா என்னைத் திட்டிய திட்டை எழுத விரலில் தெம்பில்லை. இரண்டு கையையும் மணிக்கட்டு வரைக்கும் கட்டிவிட்டு, தண்ணீரே படக் கூடாது, பெயிண்ட் டப்பா பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். மச்சான் பார்க்க வந்தார், பழம் வாங்கிக்கொண்டு. நான் கேட்டேன், “இப்ப எப்படி ஒளு செய்யறது மச்சான்?” அவர் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி சொன்னார்.

“அது ரொம்ப சுலபம் மாப்பிள்ளை. கட்டு இருந்தா ஈரக்கையால அது மேல ஒரு தடவு தடவிட்டாப் போதும். மார்க்கத்துல சிரமமே இல்ல.”

அதாவது, நகக்கண்ணில் ஊசி முனையளவு பெயிண்ட் இருந்தபோது செல்லாத ஒளு, இப்போது மணிக்கட்டு வரைக்கும் துணி சுற்றியிருக்கும்போது செல்லும். மார்க்கத்தில் சிரமம் இல்லைதான். சிரமமெல்லாம் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது, பழப் பையோடு.

வேலை இல்லாமல் வீட்டில் இருந்த நாட்களில் பழைய தொழுகைகளைத் திருப்பித் தொழுதேன். எந்த வருஷத்திலிருந்து ஆரம்பிப்பது? எந்த நாளில் சுண்ணாம்பு அடித்தேன், எந்த நாளில் எனாமல் அடித்தேன், யாருக்கு ஞாபகம்? முழங்கால் வீங்கியது. ஒருநாள் கபரஸ்தானுக்குப் போய் அம்மா கபருக்குப் பக்கத்தில் நின்றேன், தொழலாமா கூடாதா என்று தெரியாமல். கை இரண்டையும் பொட்டலம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றேன். துஆக்கூட வாயில் வரவில்லை. அப்படியே திரும்பிப் பள்ளிவாசலுக்கு வந்து எங்கள் இமாமின் அறையில் போய் உட்கார்ந்தேன். முதலிலேயே அங்கே போயிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். அச்சில் வந்ததற்கு மேலே ஒரு மனுஷனிடம் என்ன கேட்பது என்றிருந்தேன்.

இமாம் பத்திரிகையைக் கேட்கவில்லை. கட்டைப் பார்த்தார். “அன்னிக்குக் கழுவினீங்களா?” என்றார். மண்ணெண்ணெய், சோப்பு, எல்லாம் சொன்னேன்.

“உங்களால முடிஞ்சது அவ்வளவுதானே? தொழிலோட ஒட்டிக்கிட்டு, கழுவியும் போகாம நிக்கிறதுக்கு மன்னிப்பு உண்டுன்னு எத்தனையோ அறிஞர்கள் சொல்லியிருக்காங்க. மாவு பிசையறவனுக்கு நகத்துல மாவு நிக்கும். அவனை என்ன விரலை வெட்டிக்கச் சொல்லுவாங்களா? உங்க தொழுகை தொழுகைதான்.”

“அம்மா?”

“உங்க பின்னால நின்ன அத்தனை பேரும் ஒளுவோட நின்னாங்க. அவங்க தொழுகை உங்க அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்துச்சு. நீங்க தொழுததும் சேர்ந்துச்சு. போய் கையை ஆத்துங்க.”

நான் அழுதேன். கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைக்க வரவில்லை. அவர்தான் தம் துண்டால் துடைத்துவிட்டார். பிறகு ஒன்று சொன்னார்: “கேள்வி எழுதினவர், இது ஒரு பெயிண்டரோட கைன்னு எழுதலையே. எழுதியிருந்தா பத்திரிகைக்காரங்களும் வேற மாதிரி சொல்லியிருப்பாங்க.”

எழுதவில்லைதான். தாங்களும் கேட்கவில்லையே, ஐயா. பெயிண்ட் ஒட்டியிருக்கிறது என்றால் யார் கையில், எதனால், எப்படி ஒட்டியது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? மருந்துக்கடைக்காரன்கூட யாருக்கு, எத்தனை வயசு என்று கேட்டுவிட்டுத்தானே மாத்திரை கொடுக்கிறான்?

இமாம் சொன்னதை, மனைவியையும் கூட்டிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், இதோடு முடிந்தது என்று நினைத்து. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது அவரோட கருத்து மாப்பிள்ளை. இது அச்சுல வந்தது” என்றார். எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “உங்க அச்சை நீங்களே வெச்சுக்கங்க, அல்லாஹ் மேல ஆணையா இனிமே உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். என் மனைவி வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். ஆனால் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது தன் அண்ணனுக்கு அவள் கொடுத்த பதில்.

ஆகவே இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் கேள்வி-பதில் பகுதியை நிறுத்திவிட்டு அந்தப் பக்கத்தில் ஏதாவது விளம்பரம் போடவும். பெயிண்ட் விளம்பரமாக இருந்தால் நல்லது. இனி நான் தங்களிடம் எதையும் கேட்கப் போவதில்லை. தங்கள் பேனாவுக்கு அல்லாஹ் பரக்கத்தையும், எழுதுமுன் கொஞ்சம் தயக்கத்தையும் தருவானாக. தங்கள் வீட்டார் அனைவருக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலில் வரும் ‘ஒருவர்’

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது மச்சான் மனைவியிடமிருந்து போன் வந்தது. மச்சான் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார், உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, குரல் மட்டும் வருகிறது என்றார். எப்படிப் போனேன் என்று தெரியாது. வாசற்படியை மிதித்தேனா தாண்டினேனா என்றும் தெரியாது. தோளால் இடித்துக் கதவை உடைத்தேன். இடுப்பில் சுளுக்குத்தான் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் படுத்திருந்தபோது மச்சானுக்கு உயிர் போகப்போகிறது என்றே எண்ணம். என் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, “மாப்பிள்ளை, எனக்கு ஏதாவது ஆயிட்டா நீங்கதான் தொழவைக்கணும்” என்றார். “என் கை மச்சான்?” என்றேன். “கையைப் பத்தி இப்ப யாரு கேட்டா?” என்று அழுதார். ஆகவே இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். அவர் படுக்கையில்தான் இருக்கிறார், வாசிக்க வேறு ஒன்றுமில்லை, தங்கள் பத்திரிகையைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். பகுதியையும் நிறுத்த வேண்டாம். ஒரே ஒரு கேள்வி மட்டும். பெயிண்ட் அடிக்கும் ஒருவர், கோபத்தில், மனைவியின் அண்ணன் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று ஆணையிட்டுவிட்டு, உள்ளே விழுந்து கிடந்தவரைத் தூக்குவதற்காகக் கதவை உடைத்துக்கொண்டு போய்விட்டார். இதற்கு என்ன பரிகாரம்? கொஞ்சம் சீக்கிரம் பதில் வேண்டும். அவரை எழுப்பி உட்கார வைக்க அந்த வீட்டில் தெம்புள்ள ஆள் வேறு இல்லை. சாயங்காலம் மறுபடியும் போகிறேன்.