முள்ளுக்குறிச்சி வளைவில் நான் இடித்த ஆள்

இராசிபுரம்,
தாது வருஷம், மார்கழி மாதம்.

சேலம் கோர்ட்டில் கீர்த்தியாய் வாதாடிவரும் என் மைத்துனர், மகா-ராச-ராசஸ்ரீ வக்கீல் அப்பாசாமி அவர்களுக்கு நெய்க்கடை குழந்தைசாமி அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் அக்கா அம்சவேணியும் எருமைகளும் சௌக்கியம். நான் சௌக்கியமா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஏற்காட்டுத் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன மோட்டாரை நான் வாங்கியது உங்களுக்குத் தெரியும். போன சந்தை நாளன்று காலையில் அதில் நெய் டின்களை ஏற்றிக்கொண்டு, டிரைவர் ராசப்பன் ஓட்ட, நான் பின்னால் டின்களைக் கட்டிப் பிடித்தபடி முள்ளுக்குறிச்சியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். மலையிலிருந்து பனி இறங்கி ரோட்டை மூடியிருந்தது. ராசப்பன் எருமை நடையில்தான் ஓட்டினான் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள், கோர்ட்டில் கேட்பார்கள். வளைவில் ஓர் ஆள் நின்றான். கறுப்புக் கம்பளி போர்த்தி, தலையில் ஒரு மூட்டை. ஓடவில்லை, ஒதுங்கவும் இல்லை. எங்களுக்காகவே வெகுநேரம் காத்து நின்றவன்போல என் முகத்தைப் பார்த்தான். அவன் இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாகப் பிளந்திருந்ததுகூட எனக்குத் தெரிந்தது. டம்மென்று சத்தம். நெய் டின் ஒன்று என் மடியில் கவிழ்ந்தது.

இறங்கிப் பார்த்தால் மட்கார்டு நசுங்கியிருக்கிறது, மிளகு மூட்டை கிழிந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். ராசப்பன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான், பள்ளத்தில் இறங்கிப் பார்த்தான், என்ன நினைத்தானோ எஞ்சின் மூடியைக்கூடத் திறந்து பார்த்தான். "ஏனுங்க, ரத்தமே இல்லீங்களே" என்றான். விறகுச் சுமையோடு வந்த ஒரு பெண் மூட்டையைப் பார்த்து நின்றாள்.

"புருவத்துல தழும்பு இருந்துச்சுங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப காத்தானுங்க. மேல மலையில, ஆலத்தூர் நாட்டுக்காரரு. ஊட்டுல போயி ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க" என்று சொல்லிவிட்டு, எங்கள் நிழல்கூடத் தன்மேல் படாதபடி ரோட்டின் மறு ஓரமாக நடந்து போனாள்.

அடிபட்ட ஆள் எப்படியோ எழுந்து மலையேறிவிட்டான், அவன் போலீசுக்குப் போவதற்குள் நாமே போய் நட்டஈடு பேசிவிடுவோம் என்று கிளம்பினேன் மாப்பிள்ளை. என் உடம்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலேறும் தடத்தில் ராசப்பன் ஒரு கையால் தலைமேல் மூட்டையையும் மறு கையால் என்னையும் தாங்கித் தள்ளிக்கொண்டே வந்தான். கிழிசலை என் துண்டால் இறுக்கிக் கட்டித்தான் எடுத்திருந்தோம். அப்படியிருக்க, எங்களுக்கு முன்னால் தடம் நெடுக மிளகு சிந்திக் கிடந்தது. பாறைமேல் நாலு மணி, வேர்மேல் நாலு மணி. யாரோ ஓட்டை மூட்டையோடு எங்களுக்குச் சற்று முன்னால் ஏறுவதுபோல. ராசப்பன் மூட்டையை இறக்கித் தடவிப் பார்த்தான். "நம்முளுது சிந்தலீங்க" என்றான். அப்புறம் ஊர் வரும்வரை அவன் என் முதுகுக்குப் பின்னாலேயே ஒளிந்து ஏறினான். நானும் மூச்சு வாங்குவதாகப் பாசாங்கு செய்து நடையைத் தளர்த்தினேன்.

காத்தான் வீட்டில் அவன் மனைவி பாப்பாயி சாமை இடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் வந்துவிட்டாரா, அடி பலமா என்று கேட்டேன். உலக்கையை நிறுத்தினாள்.

"அவரு சந்தைக்குப் போயி நாலு வருசமாச்சுங்க. இன்னும் வல்லீங்க."

ராசப்பன் மூட்டையைக் கீழே போட்டான். அவள் அதன் வாய்க்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது அவள் கையால் போட்ட முடிச்சாம். மூஞ்சியைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். புருவத்தைச் சொன்னேன். "கரடி அறஞ்சதுங்க" என்றாள். அதற்குள் ஊர்க்கவுண்டர் காளியண்ணனும் ஊர்ச் சனமும் கூடிவிட்டார்கள். மோட்டார் என்னுடையது, ஓட்டியவன் இவன், ஆனாலும் நியாயமான நட்டஈடு தருகிறேன் என்று நான் மடியில் கைவைத்தேன்.

"காசு எதுக்குங்க?" என்றாள் பாப்பாயி. "தெனமும் அவருக்குன்னு ஒரு உருண்டை களி எடுத்து வெக்கறேன். காத்தால பாத்தா இருக்கறதில்லீங்க. நாயி தின்னுச்சா, அவரு வந்து தின்னாரா? ஆராச்சும் நாலு பேரு முன்னால, 'இருக்காரு', 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான நான் வெக்கறதா நிறுத்தறதான்னு தெரியும்? ஒருத்தரும் சொல்லலீங்க. நீங்கதான் கடைசியாப் பாத்தவங்க. சொல்லுங்க சாமி."

காளியண்ணனும், "இடிச்சவங்க வாக்குத்தானுங்க வாக்கு" என்றார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். செத்தான் என்றால் அஜாக்கிரதையாய் வண்டி விட்டு ஆளைக் கொன்றவன் ஆவேன். இருக்கிறான் என்றால் நான் தப்பித்தேன். அப்படித்தான் சொல்ல வாயைத் திறந்தேன். அவளுடைய முகத்தைப் பார்த்தேன், மாப்பிள்ளை. காலையில் களி வட்டிலைத் திறந்து பார்க்கிற முகம் அது. "செத்துட்டாரம்மா, என் வண்டியில அடிபட்டுத்தான்" என்று என் வாய் சொல்லிவிட்டது. ராசப்பன் என் முதுகில் கிள்ளினான்.

அவள் அழவில்லை. உள்ளே போய் அன்றைக்கு எடுத்து வைத்திருந்த உருண்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "இனி எடுத்து வெக்க மாட்டேனுங்க. இதை நீங்க தின்னுப்போடுங்க" என்றாள். ஊரே பார்க்க உட்கார்ந்து தின்றேன். அந்தக் குளிரில் அது அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியதுபோலச் சுட்டது. திரும்பி வரும்போது தடத்தில் ஒரு மிளகுகூடக் கிடக்கவில்லை.

இப்போது சேதி மலையடிவாரம் முழுவதும் பரவி, கொலைக்கு நானே சாட்சி சொன்னதாகப் பேசிக்கொள்கிறார்கள். நாலு வருஷமாகக் காணாமல் போனவனை இந்த மாதம் இடித்தால் அது எந்தச் செக்ஷனில் வரும்? பிணம் இல்லாமல் கேஸ் நிற்குமா? பொறுப்பு வண்டியின் சொந்தக்காரனுக்கா டிரைவருக்கா என்று ராசப்பன் தினமும் கேட்கிறான். அவனுக்குச் சாதகமாக இருந்தால் பதில் எழுத வேண்டாம். இன்ஸ்பெக்டர் வருவதற்குள் ஒரு வழி சொல்லி, உங்கள் அக்காவின் தாலிக்குக் காவல் இருக்க வேண்டியது. வீட்டில் குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கு அர்த்தநாரீசுவரர் துணையாக மென்மேலும் கட்சிக்காரர்கள் வரட்டும், என்னைப்போல அல்லாமல் பீஸ் கொடுக்கிறவர்களாக.

இப்படிக்கு,
நெ. குழந்தைசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் சமயத்தில் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். கறுப்புக் கம்பளி, பிளந்த புருவம். பட்டப்பகல். ஆகையால் மேலே செத்தான் என்று எழுதிய இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். கை கால் திடமாக இருக்கிறது, நொண்டக்கூட இல்லை. மோட்டார் இடித்ததற்கு என்ன வேண்டுமோ கேளப்பா என்றேன். "இடிச்சதுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. செத்துட்டேன்னு சொன்னீங்களாமா, அதுக்குத்தானுங்க வந்தேன். எனக்கு ஊட்டுல சோறு நின்னுபோச்சுங்க. இனி இங்கதானுங்க" என்று கூடத்தில் உட்கார்ந்துவிட்டான். விஷயம் தெரியாத உங்கள் அக்கா யாரோ விருந்தாளி என்று இலை போட்டுச் சோறு வைத்துவிட்டுக் குழம்பு எடுக்க உள்ளே போயிருக்கிறாள். நான் எதிரில் உட்கார்ந்து அவன்மேல் வைத்த கண்ணை எடுக்காமலே இதை எழுதுகிறேன், கோணலுக்கு மன்னிக்கவும். அவன் கை இரண்டும் மடியிலேயே இருக்கின்றன. இலை காலியாகிவிட்டது.