ஆதவானந்தாவின் பகல் பல்பு

மாட்டு வண்டி, சைக்கிள், டிராக்டர் என்று உருளக்கூடிய எல்லாவற்றிலும் ஏறித் திருத்துறைப்பூண்டி வட்டாரமே அந்தக் களத்துமேட்டுக்கு வந்துகொண்டிருந்தது. காரணம், ஆதவானந்தா சாமி. வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கிறாராம்!

களத்தின் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடிகள் வட்டமாகச் சாய்ந்து நின்றன. அவற்றின் ஒளியெல்லாம் கரி பூசிய ஒரு செப்புக் குடத்தின் மேல் விழுந்தது. தண்ணீர் கொதித்து ஆவி வந்தது. பக்கத்துக் கம்பத்தில் ஒரு பல்பு எரிந்தது. பட்டப்பகலில் பல்பு எரிவதைப் பார்க்க இத்தனை கூட்டம்.

தண்ணீர் கொதித்தது நிஜம். ஒளியைக் குவித்தால் யார் வீட்டுக் குடமும் கொதிக்கும். அந்த ஆவி ஒரு சக்கரத்தைச் சுற்றினால் கரண்ட்டும் வரும். ஆனால் அதற்கு ஏக்கர் கணக்கில் கண்ணாடி வேண்டும், தூசி துடைக்க ஆள் வேண்டும், ராத்திரிக்குச் சூட்டைச் சேர்த்துவைக்க வழி வேண்டும். வெயில் இனாம், மற்றதெல்லாம் காசு. சாமியிடம் சக்கரமே இல்லை. கேட்டால், அது கண்ணுக்குத் தெரியாத சக்கரம் என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

நிலத்தை ஆசிரமத்துக்கு எழுதிக் கொடுத்தால் அதில் கண்ணாடி நட்டு, ஊர் மோட்டாருக்கெல்லாம் இனாம் கரண்ட் விடுவதாகச் சாமி வாக்குக் கொடுத்தார். எந்த நிலம்? உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதார் துரைராசுவின் கையைவிட்டுப் போய், கூலிக்காரர்களுக்குப் பட்டாவான நிலம். மிராசுதாரின் மிச்ச நிலத்தில் வெயில் அடிப்பதில்லை போலிருக்கிறது. ஆசிரமத்துக்குத் தலைவரும் துரைராசுவேதான்.

அப்படிப் பட்டா வாங்கிய கூலிக்காரன் காத்தான் தன் மூன்று மா நிலத்தைக் கொடுக்கத் துடித்தான். நல்லவேளை, பட்டாவில் அவன் மனைவி கண்ணாத்தாள் பெயரும் இருந்தது.

மின்வெட்டுக் காலம் அது. தினமும் மத்தியானம் ரைஸ்மில் சத்தம் நிற்கும். அதைக் கேட்டுத்தான் நடவு ஆட்கள் கரையேறிச் சாப்பிடுவார்கள். சாமியும் அதற்குச் சற்று முன்னால் பல்புக்குப் பட்டுப் பை மாட்டிவிட்டு நிஷ்டைக்குப் போய்விடுவார். மில் ஓடத் தொடங்கினால் நிஷ்டை கலையும். ஊரெல்லாம் சோற்றைப் பார்த்தது. கண்ணாத்தாள் சாமியைப் பார்த்தாள்.

எழுதிக் கொடுக்கும் நாளில் அவள் சாமியை எழவே விடவில்லை. காலில் விழுந்தாள். திசை தப்பு என்று மறுபடி விழுந்தாள். கைநாட்டு வலதா இடதா என்று கேட்டு, ஒரு விரலில் மை தடவித் துடைத்து, மறு விரலில் தடவினாள். சாமிக்கு வியர்த்துக் கொட்டியது.

“நிஷ்டைக்கு நேரமாச்சும்மா.”

“செத்த இருங்க சாமி. எங்க கொழுந்தன் வந்துடட்டும். இல்லாட்டிக் கோவிச்சுக்குவாரு.”

மில் நின்றது. பல்பும் அணைந்தது. தலைக்கு மேல் வெயில் கொளுத்தியது, குடம் கொதித்துக்கொண்டேயிருந்தது.

கண்ணாத்தாள் நிதானமாக விரலைத் துடைத்தாள். “சூரியனுக்கும் கரண்ட் ஆபீஸ்லதான் கட் பண்றாங்களா சாமி?”

யாரோ கம்பத்தைப் பிடுங்கினார்கள். வைக்கோலுக்கு அடியிலிருந்து ஒயர் வந்தது, வந்துகொண்டேயிருந்தது. ஊரே அதைப் பிடித்துக்கொண்டு தேர் இழுப்பதுபோல் போய், துரைராசுவின் மோட்டார் கொட்டகையில் முட்டி நின்றது. திரும்பிப் பார்த்தால் சாமியைக் காணோம். கண்ணுக்குத் தெரியாத சக்கரம் அவர் காலில்தான் இருந்திருக்கிறது.

நிலம் தப்பியது. புத்தி வந்ததா என்றால், மறுநாள் காலை கண்ணாத்தாள் வாசலில் கற்பூரத்தட்டோடு ஒரு கூட்டம். கண்ணாத்தா தெய்வமாம்! முன்வரிசையில் காத்தான்.

அவள் தட்டைத் தட்டிவிட்டாள்.

“வெயில் சும்மாதானே அடிக்குது? அவங்கவங்க மூளைய எடுத்துக் கொஞ்சம் காயவைங்க. பூஞ்சை புடிச்சுக் கெடக்கு.”