லீக்கண்ணன் வீட்டு லீக் டெஸ்ட்

சொந்தக் குடும்பத்துக்கே லீக் டெஸ்ட் வைத்த மனிதர் என்று இந்தப் பூமியில் ஒரே ஒருவரைத்தான் காட்ட முடியும். அவர் நாமக்கல்லில் லாரி ரேடியேட்டர் பட்டறை வைத்திருக்கும் லீக்கண்ணன். லீக் அடைக்கிற அண்ணன் லீக்கண்ணன் ஆனார். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால், "பேரைச் சொன்னா பாதி போச்சு சாமி" என்பார். கல்யாணப் பத்திரிகையிலாவது பெயர் போட்டிருப்பார்களே என்று ஒரு டிரைவர் மடக்கப் பார்த்தார். "போட்டாங்க. அதுல எழுத்துப்பிழை. திருத்தாம உட்டுட்டேன்" என்றார் லீக்கண்ணன்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் பல மாநிலம் சுற்றி, இரும்புக் குழாய் காலில் விழுந்து இரண்டு விரல் போன பிறகு, நான் வேலை கேட்டுப் போய் நின்ற நாலாவது பட்டறை அவருடையது. முதல் மூன்று இடத்திலும் என் காலைப் பார்த்தார்கள். இவர் கையைப் பார்த்தார். "பத்தும் இருக்குதில்ல? உள்ள வா" என்றார். அவ்வளவுதான் இண்டர்வியூ.

வேலை சுலபம். ரேடியேட்டரின் வாய்களையெல்லாம் ரப்பர் வைத்து அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்க வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். அந்தக் குமிழிக்கு எங்கள் பட்டறையில் முட்டை என்று பெயர். முதல் குமிழியைக் கண்டதும் லீக்கண்ணன் "முட்டை!" என்று தெருவே அதிரக் கத்துவார். ஊர் முட்டைக்குப் பேர் போன நாமக்கல் ஆயிற்றா, ரோட்டில் போனவர் ஒருவர் நின்று "இன்னிக்கு என்ன வெலைங்க?" என்று கேட்டதும் உண்டு.

போன ஆடியில் ஒரு பர்னிச்சர் கடை தள்ளுபடியோடு குலுக்கலும் வைத்தது. லீக்கண்ணன் பட்டறையில் இருந்த நேரமாகப் பார்த்து, அவர் மனைவியான எங்கள் அண்ணியும் மகள் பவித்ராவும் அண்ணியின் தம்பியும் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, மூன்று கூப்பன் நிரப்பிப் போட்டார்கள். பெயர், பிறந்த தேதி, போன் நம்பர், ஆதார் ஜெராக்ஸ். பரிசுப் பணம் நேராகக் கணக்கில் விழும் என்றார்கள், பாஸ்புக் ஜெராக்ஸும் கொடுத்தார்கள். பரிசு விழவில்லை. இரண்டு மாதம் கழித்து குறுஞ்செய்திதான் வந்து விழுந்தது. 'எங்கள் கணினியிலிருந்து வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்துவிட்டன. விழிப்புடன் இருக்கவும்.'

கசிவு என்ற சொல்லைப் படித்ததும் லீக்கண்ணன் சட்டையை மாட்டினார். டெஸ்ட் ரப்பர்களைப் பையில் போட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போய் மேனேஜர் முன்னால் நின்றார்.

"எங்க கசியுதுங்க?"

"சர்வர்லங்க."

"சித்த வெளிய எடுத்து வைங்க. பாத்துத் தாரேன்."

"அதெல்லாம் தண்ணியில போடற சாமான் இல்லீங்கண்ணா."

"போடாம எப்படீங்க ஓட்டை தெரியும்?"

மேனேஜர் குளிர்பானம் வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார். பவித்ராதான் வீட்டில் உட்கார வைத்து விளக்கினாள். "போனது போனதுதானுங்கப்பா. அதை வெச்சு நம்ம பேர்ல சிம் வாங்குவான், லோன் போடுவான். பேங்குல இருந்து பேசறேன்னு அம்மாவைக் கூப்பிடுவான். ஓடிபி கேப்பான். சொன்னா கணக்கே காலி."

கணக்கே காலி என்றதும் அண்ணி பீரோவிலிருந்து பாஸ்புக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அண்ணி கோழிப்பண்ணையில் முட்டை பிரித்து, அது நிஜ முட்டை, மூன்று வருஷமாகச் சேர்த்தது எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருந்தது. பவித்ராவின் நர்சிங் கல்லூரிக்கு முதல் வருஷப் பணம். கட்டுவதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

லீக்கண்ணன் எழுந்தார். "கடைக்காரன் ஓட்டையை நாம அடைக்க முடியாது. நம்மூட்டு ஓட்டையை அடைக்கலாமில்ல?"

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். முதலில் பவித்ராவின் போனில் எல்லோருடைய ஆதார் கைரேகைக்கும் பூட்டுப் போட வைத்தார். பிறகு ஜெராக்ஸ். ஒவ்வொன்றின் மேலும் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, 'கேஸ் இணைப்புக்கு மட்டும். வேறெதற்கும் செல்லாது. மீறினால் நேரில் வருவேன்' என்று எழுதினார். எழுத்தில் அண்ணியின் முகமே மறைந்துவிட்டது. கேஸ் ஆபீஸில் "இதுல ஆள் எங்கங்க?" என்று கேட்டார்கள். "அதான் நேர்ல நிக்கறாளே, பாத்துக்கங்க" என்றார்.

மச்சானுக்கு, அதுதான் அண்ணியின் தம்பிக்கு, நண்பர்கள் பேருந்து நிலையத்தில் பிறந்தநாள் பேனர் கட்டியிருந்தார்கள். லீக்கண்ணன் ஏணி போட்டு ஏறி, தேதியை மட்டும் கறுப்புப் பெயிண்டால் அடித்துவிட்டு இறங்கினார். தேதி போனதும் அது வேறு மாதிரி பேனராகத் தெரிந்தது. மச்சான் வீட்டுக்கு இரண்டு பேர் மாலையோடு போய்விட்டார்கள்.

இதெல்லாம் முன்னுரை. உண்மையான டெஸ்டுக்கு அவர் என் போனை வாங்கினார். என் நம்பர் அவர் வீட்டில் யாரிடமும் இல்லை. ஒன்றரை அடி ரப்பர் ஓஸ் குழாயை வாயில் வைத்து, அடுத்த முனையைப் போனில் வைத்து, அண்ணியைக் கூப்பிட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற அதிகாரியுடையது மாதிரி இருந்தது.

"வணக்கம் மேடம். வங்கித் தலைமையகம். தங்கள் பிறந்த தேதி?"

"ஆதார்ல இருக்கறதுங்களா, நெசமானதுங்களா?"

"இரண்டும் கூறவும்."

அண்ணி இரண்டையும் கூறி, பிறந்த கிழமையும் கூறினார். லீக்கண்ணன் ஓஸை வீசிவிட்டு "முட்டை!" என்று கத்தினார். "ஏனுங்க, நீங்களா? ஊட்டுக்கு வாங்க, உங்களுக்கு இருக்குது" என்றார் அண்ணி.

மச்சான் செல்போன் கவர் விற்கிறவர், போன் விஷயத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்பார். "உங்க கார்டு முடங்கிவிட்டது" என்று லீக்கண்ணன் சொல்லி முடிப்பதற்குள், "ஓடிபி அனுப்புங்க சார், சொல்றேன்" என்றார். அவர் விட்டது ஒரு முட்டை இல்லை, கோழிப்பண்ணையே. பவித்ராவிடம் மட்டும் நடக்கவில்லை. "அப்பா, வாரப்ப தக்காளி வாங்கிட்டு வாங்க" என்று வைத்துவிட்டாள்.

ரேடியேட்டருக்கு ஒரு டெஸ்ட் போதும். குடும்பத்துக்கு தினமும் இரண்டு நடந்தது. என் நம்பர் வீட்டில் தெரிந்துவிட்டதும், பட்டறைக்கு வந்து போகிற டிரைவர்களின் போனையெல்லாம் இரவல் வாங்கினார். மூன்றாவது நாளிலிருந்து அண்ணி ஓடிபியும் சொல்லவில்லை, தேதியும் சொல்லவில்லை, திட்டு மட்டும் கொடுத்தார். "பாத்தியா, ஓட்டை அடைஞ்சு போச்சு" என்று லீக்கண்ணன் என்னிடம் பெருமையடித்தார்.

பணம் கட்ட வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, மதியம். நானும் அவரும் சாப்பிட வீட்டுக்குப் போனோம். உள்ளே அண்ணி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"பேங்கா? ஆமாமா, நீங்க பெரிய ஆபீசரு. கொழம்பு ஆறுது, அந்த ஓஸைக் கீழ போட்டுட்டு வாங்க. என்னது? பிளாஸ்டிக் நாக்காலி வாங்கினதா? நான் வாங்கினது உங்களுக்குத் தெரியாதாக்கும்? ஓடிபி சொன்னாத்தான் சாப்பிட வருவீங்களா? வந்திருக்குது, இந்தாங்க, எழுதிக்கங்க, ஏழு... நாலு... ஒன்னு..."

லீக்கண்ணன் வாசலில் நின்றார். அண்ணி நிமிர்ந்தார். வாசலில் புருஷன். காதில் இன்னொரு புருஷன்.

"சொல்லுங்க மேடம், மீதி மூணு நம்பர்?" என்றது போன்.

அண்ணி போனைச் சுடுபாத்திரம் மாதிரி கீழே போட்டார். நான் லீக்கண்ணனைப் பார்த்தேன். முட்டை என்று கத்துவார் என்று நினைத்தேன். அவர் ஓடிப்போய் அழைப்பைத் துண்டித்தார். பவித்ரா உடனே வங்கிக்குப் போன் போட்டுக் கணக்கை முடக்கச் சொன்னாள், சைபர் போலீஸுக்கும் புகார் பதிந்தாள். எல்லாம் கால் மணி நேரம். பணம் அப்படியே இருப்பதாக வங்கியில் சொன்னதும்தான் நாங்கள் நான்கு பேரும் மூச்சு விட்டோம்.

அண்ணி அழ ஆரம்பித்தார். "அம்மிணி படிப்பே போயிருக்குமே. நீங்கன்னு நெனச்சுத்தானுங்க சொன்னேன்."

"நீ அழுவாத. தப்பு உன்னுதில்ல" என்றார் லீக்கண்ணன். பிறகு என் பக்கம் திரும்பினார். "காத்தை அளவுக்கு மேல ஏத்துனா நல்ல ரேடியேட்டரும் பொளந்துரும் சாமி. தொழில் தெரிஞ்சவன் நானே ஏத்திட்டேன்."

திங்கட்கிழமை நாங்கள் எல்லோரும் வங்கிக்குப் போனோம். முடக்கிய கணக்கை அண்ணி கையெழுத்துப் போட்டுத் திறந்தார். கல்லூரிக்குப் பணம் போய்ச் சேர்ந்த ரசீதை லீக்கண்ணன் வாங்கி, பழக்க தோஷத்தில் அதன் மேலும் இரண்டு கோடு இழுக்கப் போனார். பவித்ரா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் லீக் டெஸ்ட் ஒழிந்தது. அதற்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு ரகசியச் சொல் வைப்பது என்று பவித்ரா சொன்னாள். யார் கூப்பிட்டாலும், புருஷன் குரலே கேட்டாலும், அந்தச் சொல்லைச் சொன்னால்தான் மேற்கொண்டு பேச்சு. சொல்லைத் தேர்ந்தெடுக்க எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் செருப்பை மாட்டினேன்.

"எங்கடா கெளம்பிட்ட?"

"குடும்ப விசயம்ங்கண்ணா."

"அதுக்குத்தான கூப்பிடறேன். உக்காரு" என்றார் லீக்கண்ணன்.

ஓர் இடத்தில் நிற்கிற கால் எனக்கு இல்லை. இப்போது லாரியோடு வடக்கே எங்கெங்கோ சுற்றுகிறேன். எப்போதாவது போன் செய்தால், என் நம்பர் தெரிந்தும் என் குரல் தெரிந்தும் லீக்கண்ணன் "யாரு?" என்பார். நான் சொல்லைச் சொல்வேன். "சாப்ட்டியா சாமி?" என்பார். புது ஊரில் பையை இறக்கி வைத்ததும், அந்தச் சொல்லை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். மறந்துவிடக் கூடாது, இல்லையா?