கோடாரி அன்ரி பனியில் விழப் பழகிய கதை

பூமத்திய ரேகைக்குத் தெற்கே, ஒரு கையை ஐஸ்பெட்டிக்குள் விட்டுக்கொண்டு மறு கையால் பேப்பர் படித்த ஒரே தமிழ்ப் பெண்மணி கோடாரி அன்ரிதான். இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன். அன்ரி என்றால் இலங்கைத் தமிழில் ஆன்ட்டி. அவருடைய சொந்தப் பெயர் அவரைத் தவிர யாருக்கும் ஞாபகம் இல்லை. தபால்காரருக்குக் கூட இருந்திருக்காது.

எழுபதுகளின் நடுவில், பராமட்டாவில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலைக்காகத் திருச்சியிலிருந்து சிட்னிக்கு வந்து இறங்கியிருந்தேன். பக்கத்தில் நார்த்மீட்டில் ஒரு இலங்கைத் தமிழ் அம்மா வீட்டின் பின்புறம் தனி அறை வாடகைக்கு இருக்கிறது, தங்கமான மனுஷி, ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் வேலை, சத்தமே இருக்காது என்று நண்பன் சொன்னான். ஒரு சனிக்கிழமை காலை போய்க் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. வீட்டின் பின்பக்கமிருந்து "ஐயோ!" என்று ஓர் அலறல். அதைத் தொடர்ந்து 'சர்ர்ர்' என்று ஏதோ இழுபடும் சத்தம். பிறகு 'தொப்'.

ஓடினேன். பின்கட்டில் சரிவான புல்தரை. அதன் மேல் உச்சி முதல் அடிவரை பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பின் மேல் சோப்பு நுரையும் தண்ணீரும். அந்த நுரையில், சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டி, காலில் ராணுவ பூட்ஸ் போட்ட ஐம்பது வயது அம்மாள் ஒருவர் மல்லாந்தபடி, தலைகீழாக, கையில் கோடாரியுடன் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

எனக்குக் கால் நகரவில்லை. அம்மாள் வரும் வழியிலேயே ஒரு முறை புரண்டு குப்புற விழுந்து, கோடாரி மூக்கைத் தரையில் குத்தி, அதன் மேல் நெஞ்சை அழுத்தி, என் செருப்புக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றார். முகத்திலிருந்த நுரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அறை பாக்க வந்தனீரோ?"

"ஆ... ஆமா."

"நல்லது. அந்தத் தண்ணிக் குழாயைக் கொஞ்சம் மேல பிடியும். இன்னொருக்கா வாறன்."

பிடித்தேன். கோடாரி வைத்திருப்பவர் சொன்னால் பிடிக்காமல் என்ன செய்வது?

மூன்றாவது தடவை அவர் சறுக்கி வந்தபோது வேலி ஓரமாக ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். பக்கத்து வீட்டுக்காரம்மா, கோடாரியும் அலறலுமாகக் கொலை நடக்கிறது என்று போன் செய்துவிட்டாராம். போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். அன்ரி எழுந்து நின்று, சேலையைத் தழைய விட்டு, மிக மரியாதையாக ஆங்கிலத்தில் பதில் சொன்னார்:

"ஐ ஆம் ப்ராக்டிஸிங் செல்ஃப் அரெஸ்ட், ஆபீசர்."

போலீஸ்காரர் அவரைப் பார்த்தார். பிறகு குழாயோடு நின்ற என்னைப் பார்த்தார். தன்னைத் தானே கைது செய்துகொள்ளும் குடிமகளை அவர் அதற்கு முன் கண்டதில்லை போலும். பனிமலையில் கால் வழுக்கினால் ஐஸ்கோடாரியைக் குத்தித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் வித்தைக்கு அதுதான் பெயர் என்று அன்ரி விளக்கியதும், தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். நான் அந்த அறையை எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை.

அதன் பிறகு தினம் ஓர் அதிர்ச்சி. ஒரு நாள் சாயங்காலம் சமையலறைக்குள் போனால், அன்ரி நாற்காலியில் உட்கார்ந்து, ஐஸ்பெட்டிக்குள் கையை வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார்.

"என்ன அன்ரி, கைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்டுமில்லை. விறைக்கப் பழக்கிறன். விறைச்ச கையால முடிச்சு அவிழ்க்கோணும் தம்பி, அதுதான் பாடம்."

இன்னொரு நாள் காலையில் பல் தேய்க்கப் போனேன். என் பிரஷ் பாதிதான் இருந்தது. கைப்பிடியை யாரோ ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். பதறிக்கொண்டு ஓடினேன்.

"முதுகில சுமக்கிற ஒவ்வொரு அவுன்சும் பாரம்," என்றார் அன்ரி. "பாதிப் பிரஷ்சால பல்லுத் தீட்டேலாதோ?"

"தீட்டலாம் அன்ரி. ஆனா நான் எதையும் சுமக்கப் போறதில்லையே!"

"போறீர். உம்மட பேரைக் குடுத்திட்டன்."

நடைபயணச் சங்கம் ஒன்று பனிமலையில் நடக்கப் புதியவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடத்துகிறதாம். தனி ஆளாக வரக்கூடாது, ஜோடி ஜோடியாகத்தான் வரவேண்டுமாம். அவரோடு வருவதாக இருந்த ஆஸ்பத்திரித் தோழி ஒரே ஒரு முறை அந்தச் சோப்பு நுரைப் பயிற்சியைப் பார்த்துவிட்டு, தனக்கு முட்டி வலி என்று சொல்லிவிட்டார்.

"அன்ரி, நான் திருச்சிக்காரன். எங்க ஊர்ல சித்திரை மாசம் தார் ரோடு உருகும். எனக்குப் பனியைப் பத்தி என்ன தெரியும்?"

"நான் யாழ்ப்பாணத்தாள். எங்கட ஊரில மலையே இல்லை. எனக்கு மட்டும் என்ன தெரியும்?"

அடுத்த வாரமே பூட்ஸ் வாங்கப் போனேன்.

அங்கே குளிர்காலமான ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சங்கத்தின் சிறிய பஸ்ஸில் புதியவர்கள் எட்டுப் பேர் பனிமலைக்குப் போனோம். பயிற்சியாளர் கென் என்ற தாடிக்காரர். வார நாளில் தபால்காரர், வார இறுதியில் மலைக்காரர். ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை என்று மரக்குடிலில் தங்கினோம். மறுநாள் காலையில் அன்ரி வெளியே வந்தபோது நான் வாயைப் பிளந்தேன். சேலை இல்லை. ராணுவச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய கம்பளிக் காற்சட்டை, சிவப்புத் தொப்பி, நெற்றியில் பளிச்சென்று மூன்று பட்டை விபூதி.

பனியில் வெயில் பட்டால் தோல் வெந்துவிடும் என்று எல்லோரும் மூக்கில் வெள்ளைக் களிம்பு அப்பிக்கொண்டிருந்தார்கள். கென் அன்ரியின் நெற்றியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்கள், இவர் ஒருவர்தான் நெற்றிக்கும் பூசியிருக்கிறார்!" அன்று மத்தியானத்துக்குள் நான்கு வெள்ளைக்காரர்கள் நெற்றியில் மூன்று பட்டையோடு திரிந்தார்கள். ஒரு சிவன் கோயில் கூட இல்லாத மலையில் நான் கண்ட காட்சி அது.

முதல் நாள் பாடம் நடப்பது. பூட்ஸ் முனையால் பனியை உதைத்துப் படி வெட்டி, அதில் காலை வைத்து ஏற வேண்டும். ஐந்து படிக்கு ஒரு முறை நான் விழுந்தேன். இரண்டாவது பாடம் விழுவது. அதை நான் ஏற்கனவே செய்துகொண்டிருந்ததால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் விழுவதற்கும் முறை இருக்கிறது. அன்ரி மல்லாந்து விழுந்தார், குப்புற விழுந்தார், தலைகீழாக விழுந்தார். விழுந்த ஒவ்வொரு முறையும் கோடாரியைக் குத்தி நின்றார். கென் பார்த்துக்கொண்டே இருந்தார். இதெல்லாம் எங்கே பழகினீர்கள் என்று கடைசியில் கேட்டார். "அட் ஹோம்," என்றார் அன்ரி.

இரண்டாம் நாள்தான் அது நடந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

மலைச்சரிவின் குறுக்காக வரிசையில் போய்க்கொண்டிருந்தோம். கோடாரியை மணிக்கட்டோடு ஒரு வார் பிணைத்திருக்கும். அதை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது என்று கென் காலையிலேயே மூன்று தடவை சொல்லியிருந்தார். எனக்கோ ஊருக்கு அனுப்ப ஒரு போட்டோ வேண்டும். பின்னால் வந்தவரிடம் கேமராவைக் கொடுத்துவிட்டு, வாரைக் கழற்றி, கோடாரியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, சிரித்தேன்.

கால் வழுக்கிப் போயிற்று.

அந்த நிமிஷத்தில் நான் படித்த பாடம் எதுவும் நினைவில் இல்லை. கோடாரி ஒரு பக்கம் பறந்தது, நான் ஒரு பக்கம் பறந்தேன். வானம், பனி, வானம், பனி என்று மாறி மாறித் தெரிந்தது. அம்மா என்று கத்தினேனா, அன்ரி என்று கத்தினேனா, தெரியாது. எவ்வளவு தூரம் என்றும் தெரியாது. கீழே ஒரு பள்ளத்தில் பஞ்சு போல் குவிந்திருந்த பனியில் இடுப்பளவு புதைந்து நின்றேன். வலது கணுக்கால் தீயாய் எரிந்தது.

மேலே பார்த்தேன். சின்னப் புள்ளிகளாக ஏழெட்டுப் பேர். எல்லோரும் கத்துகிறார்கள். அவர்கள் என்னைப் பார்த்துக் கத்தவில்லை. அந்த வரிசையிலிருந்து ஒரு சிவப்புத் தொப்பி மட்டும் பிரிந்து, சரிவில் உட்கார்ந்து, வேண்டுமென்றே சறுக்கத் தொடங்கியிருந்தது.

நான் விழுந்ததைவிட அதைப் பார்த்துத்தான் அதிகம் அதிர்ந்தேன். அன்ரி கொஞ்சம் சறுக்குவார், புரளுவார், கோடாரியைக் குத்துவார், நிற்பார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சறுக்குவார். ஐந்து முறை நின்றார். ஆறாவது முறை என் பக்கத்தில் வந்து நின்றார். தலை முதல் கால் வரை பனி. விபூதி எது, பனி எது என்று தெரியவில்லை.

"வாரை ஏன் கழட்டினீர்?"

"போட்டோவுக்கு, அன்ரி."

"விசரா உமக்கு?" என்றார். விசர் என்றால் பைத்தியம்.

நான் பதில் சொல்வதற்குள் மலை மறைந்துவிட்டது. மேலிருந்து மேகம் இறங்கி, எதிரே நீட்டிய என் கை கூடத் தெரியாத அளவுக்கு எல்லாம் வெள்ளையாகிவிட்டது. மேலே இருந்தவர்களின் குரலும் நின்றுபோயிற்று. செத்தோம் என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன்.

"சும்மா இரும். கதைச்சால் சூடு போயிடும்," என்றார் அன்ரி. கோடாரியின் அகன்ற பக்கத்தால் பள்ளத்தின் ஓரத்தை வெட்டி, இரண்டு பேர் உட்காரும்படி ஒரு குழி செய்தார். முதுகுப் பையைக் கீழே போட்டு அதன் மேல் என்னை உட்கார வைத்தார். என் பூட்ஸைக் கழற்றவே கூடாது, கழற்றினால் வீங்கிய கால் திரும்ப உள்ளே போகாது என்றார். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊதினார். நடுவில் எள்ளுருண்டை ஒன்றை என் வாயில் திணித்தார். அது குளிரில் கூழாங்கல்லாகியிருந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். அன்ரி இப்போது இடைவெளியே விடாமல் விசிலை ஊதிக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கா அன்ரி?"

"ஓம். நல்லாப் பயமாக்கிடக்கு."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று நான் நினைக்கவில்லை. "அப்புறம் ஏன் அன்ரி இதெல்லாம்? இந்த வயசுல, இந்த மலை, இந்தக் கோடாரி?"

அன்ரி, பக்கத்தில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்பது போல் அந்த வெள்ளை மேகத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேயும். நான் நீச்சல் வகுப்புக்குத்தான் பேர் குடுக்கப் போனனான்."

"என்னது?"

"பேர் பதியிற மண்டபத்தில ரெண்டு மேசை போட்டிருந்தவை. ஒண்டு நீச்சல், மற்றது இது. நான் வரிசை மாறி நிண்டிட்டன். கென் எழும்பி நிண்டு, எங்கட சங்கத்துக்கு வாற முதல் ஆசியப் பெண் நீங்கள்தான் எண்டு ரெண்டு கையையும் பிடிச்சுக் குலுக்கிப் போட்டார். எல்லாரும் கை தட்டினவை. பிறகு எப்பிடித் தம்பி, வரிசை மாறிப் போச்சு எண்டு சொல்லுறது?"

கணுக்கால் வலி, குளிர், சாவு எல்லாம் ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று. ஐஸ்பெட்டிக்குள் வைத்த கை, பாதிப் பிரஷ், போலீஸ்காரர், சோப்பு நுரை, எல்லாம் ஒரு வரிசை மாறி நின்றதால்!

"சரி, அடுத்த வாரம் நீச்சல் மேசைக்குப் போயிருக்கலாமே?"

"தண்ணியெண்டால் எனக்குச் சரியான பயம். இது பரவாயில்லை எண்டு விட்டிட்டன்."

சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அன்ரியும் சிரித்தார். இரண்டு பேரும் குழிக்குள் கிடந்து சிரித்த சிரிப்பில் விசில் ஊத மறந்துபோனோம். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் கென் வந்து சேர்ந்தார். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு பேரோடு மேகத்துக்குள்ளிருந்து வெளிப்பட்டவர், சாகக் கிடக்கிறவர்களைத் தேடி வந்து சிரிக்கிறவர்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

என்னைக் குடிலுக்குத் தூக்கி வந்து, காலுக்குக் கட்டுப் போட்ட பிறகு கென் அன்ரியைத் திட்டினார். ஒருவர் விழுந்தால் இன்னொருவர் பின்னாலேயே போகக் கூடாது, அது முதல் பாடம், ஓர் ஆளைத் தேடுவதற்குப் பதில் இரண்டு ஆட்களைத் தேட வைத்தீர்கள் என்று பொரிந்து தள்ளினார். அன்ரி வாத்தியார் முன்னால் நிற்கும் சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, "ஸாரி, கென்," என்றார். கென் வாசல் வரை போனார். திரும்பினார்.

"அந்தச் சரிவில் நான் கூட ஐந்து முறை நின்றிருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நீச்சல் விஷயத்தை நான் இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லவில்லை. அன்ரி இப்போது இல்லை. இருந்திருந்தால், இதைப் படித்துவிட்டு முதலில் திட்டிவிட்டுப் பிறகு சிரித்திருப்பார்.

நான் விழுந்ததற்கு மறுநாள் காலையில் ஊர் திரும்ப பஸ் கிளம்பியது. என் காலை எதிர் இருக்கையில் நீட்டி வைத்து, அடியில் தன் கம்பளிச் சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு, அன்ரி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மலையடிவார ஊரான கூமாவைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போனார். தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் விழுந்தது. கான்பெரா வந்தது, கோல்பர்ன் வந்தது, எல்லோரும் தேநீர் குடிக்க இறங்கினார்கள். என் தோள் மரத்துப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது. நான் அசையவில்லை.