மிஸிஸுக்கு ஒரு பங்கு

பக்கோலோட் நகரம்,
வெள்ளிக்கிழமை, மத்தியானம்.

அன்பு மகள் லூதிவீனாவுக்கு உன் தகப்பன் கிரிசாந்தோ மலபானன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் நலம். வின்னிபெக்கில் நீயும் மாப்பிள்ளையும் பனியில் உறைந்துபோகாமல் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் என் கட்டுப்பாட்டில்தான் இருக்கின்றன. இதைப் பற்றிக் கீழே வரும்.

நிற்க. கனடாவுக்கே வந்துவிடுங்கள் என்று நீ சொல்லி எட்டு மாதம் ஆகிறது. தனியாக அவ்வளவு தூரம் வரப் பயமாக இருக்கிறது என்று சாக்குச் சொன்னேன். நீ விடுகிற ஆளா? முதலில் பக்கத்தில் ஒரு ஊருக்குப் போய்ப் பழகுங்கள் என்று விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும் போட்டு, பலகாரத்துக்குப் பேர்போன ஊராகப் பார்த்து அனுப்பிவைத்தாய். வந்தேன். பழகினேன். என் பதில்: வரமாட்டேன். காரணங்களை விவரமாக எழுதுகிறேன், வழக்கம்போலப் பாதியில் விட்டுவிட்டுக் கடைசி வரிக்குத் தாவாதே.

இந்த நாட்டில் ஒரு மனிதன் தனியாக எங்கேயாவது போய்விட முடியுமா? விமானத்தில் பக்கத்து சீட்டு அம்மாள், "யாரோட வந்திருக்கீங்க?" என்றாள். வேன் ஓட்டியவர் என் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, மற்றவர்களும் வரட்டும் என்று பத்து நிமிஷம் கதவைத் திறந்தே வைத்திருந்தார். ஓட்டலில் இரண்டு துண்டு, இரண்டு சோப்பு, இரண்டு தண்ணீர் பாட்டில். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால், "பரவால்ல ஸார், அவங்க வந்ததும் வேணுமில்ல" என்றார்கள். யார் வரப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

முதல் நாள் சந்தைக்கு எதிரே ஒரு பலகாரக் கடைக்குப் போனேன். கடைக்காரி பூரிசிமாவுக்கு ஐம்பது வயசிருக்கும். இந்த ஊர்க்காரர்கள் எல்லாரையும் போல அவளுக்கும் தாலாட்டுக் குரல். இவர்கள் நாயை விரட்டினால்கூடக் கொஞ்சுவது போலிருக்கும், நம் பட்டங்காஸ்காரர்கள் கொஞ்சினாலே அக்கம்பக்கத்தார் சண்டையை விலக்க ஓடிவருவார்கள். நாட்டுச் சர்க்கரையை உள்ளே வைத்துத் தட்டி, கல்லில் பியாயா சுட்டுக்கொண்டிருந்தாள். "எத்தனை ஸார்?" என்றாள். "நாங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கறோம்" என்றேன்.

லூதிங், முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் நம் மொழி இலக்கணம் சொல்லிக்கொடுத்தவன் நான். எதிரில் இருப்பவரைச் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள் என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அப்பேர்ப்பட்டவன் ஒற்றை ஆளாக, கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு நின்று "நாங்க" என்கிறேன். நாற்பத்தோரு வருஷம் உன் அம்மாவோடு கடைக்குப் போன வாய், அதற்கு ஒருமை வரவில்லை. பூரிசிமா என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "மிஸிஸ் எங்க ஸார்?" உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ரூம்ல இருக்காங்க, வெயில் ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், சொன்னதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அறையில் நிஜமாகவே யாரோ காத்திருப்பது போல வேகமாக நடந்தேன். பூட்டைத் திறந்து உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பியாயாவையும் நானே தின்றேன்.

அதோடு விட்டதா? மறுநாள் தெருவில் போனவனைக் கூப்பிட்டு, "மிஸிஸ் என்ன சொன்னாங்க?" என்றாள். "தித்திப்பு ஜாஸ்தின்னாங்க" என்றேன். இது முழுப் பொய்யும் இல்லை, உன் அம்மா எதைத் தின்றாலும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் கடைசித் துண்டையும் எடுப்பாள். பூரிசிமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மிஸிஸுக்கென்று சர்க்கரை குறைத்துத் தனியாக நாலு சுட்டாள், எனக்குச் சர்க்கரை வியாதி என்று சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் எனக்கும் நாலு கட்டினாள். அப்புறம் நெப்போலியன் என்று ஒரு அடுக்குப் பலகாரம், கடித்தால் பாதி வாயில், பாதி சட்டையில். அதிலும் மிஸிஸுக்கு ஒரு பங்கு. தப்பிப்பதற்காக "அவங்களுக்குப் பல்வலி" என்றேன். உடனே ஆவியில் வெந்த அரிசிப் புட்டு வந்தது. "கடிக்கவே வேணாம் ஸார், நாக்குல வெச்சா போதும்." இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று மூன்று தெரு தள்ளி வேறு கடைக்கு ஓடினேன். அது அவளுடைய சித்தி மகள் கடையாம். "ஓ, பல்வலி மிஸிஸோட ஸாரா நீங்க?" என்று அங்கேயும் இரண்டு பங்கு. வீணாக்கலாமா? உன் அம்மா பங்கைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. எல்லாவற்றையும் நானே தின்று, நேற்று முழுக்கத் தலை சுற்றி, கழிப்பறையே கதி என்று கிடந்தேன்.

இன்று காலையில்தான் பெரிய கூத்து. நான் மாடிப்படி இறங்குகிறேன், கீழே பூரிசிமா கையில் சூடான பொட்டலத்தோடு நிற்கிறாள். வரவேற்பு மேஜையிலிருந்த பெண் அவளிடம், "நூத்தி ஏழுல மிஸிஸ்னு யாரும் இல்லியே, ஸார் மட்டுந்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"மிஸிஸ் எங்க ஸார்?"

"போன வருஷம் பிப்ரவரியில போயிட்டாங்க."

"எங்க போயிட்டாங்க?" என்று கேட்ட பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. சிலுவை போட்டுக்கொண்டாள். அப்புறம் அதே தாலாட்டுக் குரலில், "அப்போ மூணு நாளா அவங்க பங்கைத் தின்னது யாரு?" என்றாள்.

"நான்தான்."

"கிழவரே, சர்க்கரையை வெச்சுக்கிட்டா? எங்க தம்பி பல் டாக்டரு, மிஸிஸுக்குப் பல்லைப் பாக்கணும்னு அவன் கிளினிக்கை மூடவெச்சு இழுத்துட்டு வந்திருக்கேன், அவன் வெளியில வண்டியில உக்காந்திருக்கான்!"

விரட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு, பொட்டலத்தைப் பிரித்து, "சரி, ஆறிப்போகுது. வாங்க, நாம சாப்பிடலாம்" என்றாள். நாம. சரியான பிரயோகம். பல் டாக்டரும் வந்து உட்கார்ந்தார். வந்ததற்கு என் வாயைத் திறந்து பார்த்து, இரண்டைப் பிடுங்க வேண்டும் என்றார்.

"பொண்ணு வான்னு கூப்பிடலியா?" என்று பூரிசிமா கேட்டாள்.

"கூப்பிட்டா. 'வாங்கப்பா, நாங்க எல்லாரும் ஒரே வீட்டுல இருக்கலாம்'னு எழுதினா. நாங்க! நான் வெளிய, அவங்க உள்ள."

லூதிங், எட்டு மாதமாக என் நெஞ்சில் கிடந்தது இதுதான். உன்னிடம் சொல்லவில்லை, ஒரு கடைக்காரியிடம் சொல்லிவிட்டேன்.

"பொண்ணு யார்கிட்ட படிச்சா?"

"எங்கிட்டதான்."

"இதுல பாஸா?"

எழுபத்தைந்து எடுத்தால் பாஸ், உனக்கு நான் எழுபத்து நாலு போட்டேன், அதற்காக உன் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை என்பதைச் சொன்னேன். பல் டாக்டருக்குப் புரையேறிவிட்டது. பூரிசிமா சிரிக்கவில்லை. "அவளுக்கு அது அப்பவும் வரல, இப்பவும் வரல. அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கீங்க. நீங்க வாத்தியாரு, தனியா நின்னுக்கிட்டு நாங்கன்னீங்களே, உங்களுக்கு நான் எத்தனை மார்க்கு குறைக்கட்டும்?"

இன்னொரு துண்டை எடுத்துத் தின்றேன். தித்திப்பு ஜாஸ்தி.

இதையெல்லாம் வைத்து நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வெளியூர் எனக்கு ஒத்துக்கொள்ளாது, அங்கே பனி, நம் ஊர்க் காப்பி கிடைக்காது, என் பழக்கவழக்கங்கள் மாப்பிள்ளைக்குத் தொந்தரவு. லிப்பாவில் நம் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாளைக்குக் காலை விமானத்தில் திரும்புகிறேன், இந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடு. என் வலது கையை உன் நெற்றியில் வைத்ததாக எண்ணிக்கொள். தேவன் உன்னைக் காப்பாராக. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்புகள், சம்பந்தி வீட்டாருக்கு மரியாதைகள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கிரிசாந்தோ மலபானன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்.

பி.கு.: உறையை ஒட்டப் போனவன் மறுபடி படித்துப் பார்த்தேன். மேலே எழுதிய காரணம் ஒன்றுகூட உருப்படி இல்லை, நான் திருத்தியிருந்தால் முட்டைதான் போட்டிருப்பேன். வீட்டில் எனக்குக் குறை இருக்கிறது லூதிங். காலையில் எழுந்ததும் பேச ஆளில்லை, சமைத்ததை நன்றாயில்லை என்று சொல்ல ஆளில்லை. பூரிசிமாவிடம் மூன்று நாள் சொன்ன பொய்யையே, நான் நலம் என்ற பேரில் உன்னிடம் ஒன்றரை வருஷத்துக்கு மேலாகச் சொல்லிவருகிறேன். நவம்பர் முதல் தேதி, ஊரே கல்லறைக்குப் போகிற அன்றைக்கு, உன் அம்மா கல்லறைக்குப் போய் உட்கார்ந்து, அவளிடம் சொல்லிவிட்டு வருகிறேன். கனடாவுக்கு வர என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விடாதே. கொஞ்சம் பொறு. இந்தத் தடவை பதில் சொல்லப் போகிறேன்.