ஈவர் வீட்டுப் பாட்டு எந்திரம்

இனி இந்த வீட்டில் பென்சிலுக்கு வேலையே இல்லை என்று காலைச் சாப்பாட்டு மேசையில் அறிவித்துவிட்டான் ஈவர்.

அவனுக்கு வேலை, டென்மார்க்கில் ஒரு துறைமுகச் சிற்றூரின் வாரப் பத்திரிகையில். அன்றைக்கு முதல் பக்கம் முழுக்க அவன் கட்டுரைதான். ‘பெயரைச் சொன்னால் போதும், செயற்கை அறிவு பாட்டு எழுதும்; கேட்டவர் அழுவார்.’ கோபன்ஹேகனிலிருந்து ஒரு கம்பெனிக்காரன் பளபளவென்று ஒரு தாளோடு வந்தான். தாளில் இருந்ததெல்லாம் பத்திரிகையில் வந்தது. ஈவர் சேர்த்தது தன் பெயரை மட்டும்.

"நீ அதை ஒரு தடவையாவது கேட்டுப் பாத்தியா?" என்றாள் மனைவி சிக்னெ, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"எதுக்கு? கம்பெனிக்காரனே சொல்றான்."

"ரொட்டிக்கடைக்காரன் தன் ரொட்டி கல்லு மாதிரி இருக்குன்னு சொல்லுவானா?"

"உனக்குப் புதுசுன்னாலே ஆகாது."

"யார் சொன்னா? சனிக்கிழமை நமக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம். பாட்டை அந்த எந்திரமே எழுதட்டும். இன்னிக்கே எல்லாருக்கும் சொல்லிடறேன். உங்க பத்திரிகை ஆசிரியர் ஹோல்கருக்குத்தான் முதல்ல."

ஈவர் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

அந்த ஊரில் விசேஷம் என்றால் பாட்டுக் கட்ட வேண்டும். மெட்டு எல்லாருக்கும் தெரிந்தது, வரிகள் புதுசு. விசேஷக்காரரைக் கிண்டல் பண்ணாவிட்டால் அது பாட்டே இல்லை. தாளில் அடித்துக் கொடுத்தால் வந்த கூட்டமே சேர்ந்து பாடும்.

ஒரு காலத்தில் ஈவர்தான் ஊருக்கே பாட்டுக்காரன். சிக்னெயின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு பாட்டு எழுதுவான். பென்சிலைக் கடித்துத் துப்பி, நொண்டிக்கொண்டு வரும் வரிகளை இழுத்து நிறுத்துவான். அவளும் அதைப் பாடிக்கொண்டே பாத்திரம் துடைப்பாள். பத்திரிகை வேலையும் அப்போது அப்படித்தான். பெரிய பூசணிக்காய் காய்த்திருக்கிறது என்று யாராவது சொன்னால், சைக்கிளில் போய்த் தூக்கிப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்துதான் எழுதுவான். எப்போது முதல் பக்கத்துக்குப் போனானோ, அப்போது பூசணிக்காயும் போச்சு, பாட்டும் போச்சு. "ஒரே ஒரு பாட்டு எழுதேன்" என்று அவளும் வருஷா வருஷம் கேட்டுப் பார்த்தாள். நேரமில்லை என்பான்.

அன்றைக்கே கைபேசியில் எந்திரத்திடம் சிக்னெயின் பெயரைச் சொன்னான். கண் மூடித் திறப்பதற்குள் பாட்டு வந்தது. சிக்னெயின் நீலக் கண்களைப் பாரிஸ் நிலவில் முதலில் கண்டானாம். அவள் கண் பழுப்பு. பாரிஸை இருவரும் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

தப்பு என்று சொன்னான். எந்திரம் மிகப் பணிவாக மன்னிப்புக் கேட்டது. கேட்டுவிட்டு அவளை ரோமாபுரிக்கு அனுப்பி வைத்தது.

ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. பாட்டு வராவிட்டால் முதல் பக்கத்துக்காரன் மானம் கப்பலேறிவிடும். ஈவர் ஒரு பென்சிலை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்குள் நுழைந்தான்.

"அங்க என்ன பண்ற?" சமையலறை ஜன்னலிலிருந்து குரல்.

"சைக்கிளுக்குக் காத்தடிக்கிறேன்."

"ஒரு மணி நேரமாவா? வெடிச்சிடப் போகுது, பாத்து."

முதலில் ஒன்றும் வரவில்லை. பென்சிலைக் கடித்தான். பழைய ருசி. பிறகு எல்லாம் வந்தது. துறைமுகத்துத் தார் வாசம் வந்தது. அவள் முதன்முதலில் சுட்ட அப்பம், தூக்கிப் போட்டுத் திருப்பும்போது கூரையில் ஒட்டிக்கொண்டது வந்தது. திருவிழா நாளில் அவள் வைக்கோல் தொப்பி காற்றில் பறக்க, அதைப் பிடிக்க அவன் கடலில் குதித்ததும் வந்தது. தனியாகச் சிரித்தான். மூக்கையும் துடைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை விடிந்ததும் ஊர் வழக்கப்படி அக்கம்பக்கத்தார் வாசலில் ஊசியிலைக் கிளைகளால் வளைவு கட்டி, அதன் கீழ் நின்று பாடி இருவரையும் எழுப்பினார்கள். உள்ளே சுடச்சுட ரொட்டி, ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் கசப்புச் சாராயம். ஈவர் தாளை விநியோகித்தான். கூட்டம் பாடியது. அப்பம் வந்த இடத்தில் பக்கத்து வீட்டு ஆஸ்தா மேசையைத் தட்டிச் சிரித்தாள். தொப்பி வந்த இடத்தில் ஹோல்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிக்னெ மட்டும் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகப் பாடினாள்.

"எந்திரமா இது? அதுக்கு என்னய்யா சொல்லிக் கொடுத்த?" என்றார் ஹோல்கர்.

அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். "பேரை மட்டும்தான் சொன்னேன்" என்றான் ஈவர்.

"அப்போ அடுத்த வாரமும் முதல் பக்கம் உனக்குத்தான். இதையே எழுதிடு."

எல்லாரும் போனார்கள். சமையலறையில் தட்டுகள் மலையாகக் கிடந்தன. சிக்னெ பாட்டுத் தாளை நாலாக மடித்துக் கவுன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நானும் பேரை மட்டும்தான் சொன்னேன்" என்றாள்.

"யார்கிட்ட?"

"எந்திரத்துக்கிட்ட. பேப்பர் வந்த அன்னிக்குக் காலையில நீ குளிச்சிட்டு இருந்தியே, அப்போ. என்னைப் பாரிஸ்ல கொண்டுபோய் விட்டுது."

"தெரிஞ்சுமா ஊரெல்லாம் சொன்ன?"

"சொல்லலேன்னா நீ பென்சிலைத் தொட்டிருப்பியா?"

"எந்திரத்துக்கு நான் விஷயத்தைச் சொல்லி எழுத வெச்சிருக்கலாம்ல?" கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்துப் பார்த்தான்.

"தொப்பி அன்னிக்கு என் தலைமேலதான் இருந்தது. நீ மீன் செதில்ல வழுக்கி விழுந்த. அதைக் குதிச்சேன்னு கூசாம சொல்ற எந்திரம் இந்த ஊர்ல ஒண்ணுதான் இருக்கு."

ஈவர் கேட்டான்: "ஹோல்கருக்கு நான் என்ன எழுதறது?"

"நடந்ததை எழுது. பூசணிக்காயைத் தூக்கிப் பாத்து எழுதுவியே, அந்த மாதிரி."

அவள் தன் ஏப்ரனை அவிழ்த்து, அவன் இடுப்பில் சுற்றி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். தட்டு மலையைக் காட்டினாள்.

"பேரைச் சொன்னா போதும்ல? ஈவர்."